கூரைமேல் ஏறிய மாணவர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் நலப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இளைஞர்கள் சிலர் படிப்பை முடித்த கையோடு ஃபெலோஷிப் என்ற ஓரிரு வருடப் பணியில் ஃபெலோவாகச் சேர்ந்து, யூத மாணவர்களுக்காக வேறொரு கல்லூரி வளாகத்தில் வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் ஹில்லெல் என்ற அமைப்பு வழியாகத்தான். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஹில்லெல் 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. நடத்தியவர் பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் ரப்பி, அதாவது யூத மதகுரு. ஆனால் தூண்டுகோல் ஒரு கிறிஸ்தவர்: பைபிளை இலக்கியமாகப் பாடம் நடத்திய பேராசிரியர் எட்வர்ட் சான்சி பால்டுவின். வகுப்பிலிருந்த யூதப் பிள்ளைகளுக்குத் தங்கள் வேதமே சரியாகத் தெரியவில்லையே என்று அவருக்கு ஆதங்கம். அதற்கு முந்தைய வருடம்தான், யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டும் என்று ஹார்வர்ட் தலைவர் லோவெல் கிளம்பியிருந்தார். காலம் அப்படி.

அமைப்புக்குப் பெயர் தந்த ஹில்லெல் என்பவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய யூத ஞானி. அவரைப் பற்றி யூத மரபு நூலான தல்மூதில் ஒரு கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். ஹில்லெல் பரம ஏழை, தினக்கூலி. கூலியில் பாதி வீட்டுக்கு, மீதிப் பாதி பாடசாலைக் காவலாளிக்கு. கொடுத்தால்தான் உள்ளே விடுவான். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல குளிர்காலம், வேலை கிடைக்கவில்லை. காவலாளி விடவில்லை. இவர் என்ன செய்தார்? கூரைமேல் ஏறி, வெளிச்சம் வரும் திறப்பின்மேல் படுத்துக்கொண்டு, கீழே நடக்கும் பாடத்தைக் கேட்டார். ராத்திரி பனி கொட்டியது. விடிந்ததும் உள்ளே ஆசிரியர் ஷெமாயா, இன்னோர் ஆசிரியரான அவ்தல்யோனிடம் கேட்கிறார்: தினமும் இந்த நேரத்துக்கு வெளிச்சம் வந்துவிடுமே, இன்று என்ன இருட்டு, மேகமா? அண்ணாந்து பார்த்தால் திறப்பில் ஒரு மனித உருவம்! ஏறிப் பார்த்தார்கள், அவர்மேல் மூன்று முழம் பனி. யூதர்களுக்கு வெள்ளி மாலையே தொடங்கிவிடும் சனிக்கிழமை ஓய்வுநாள், எந்த வேலையும் கூடாது. ஆனாலும் இறக்கி, குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, நெருப்பருகே உட்காரவைத்தார்கள். இவருக்காக ஓய்வுநாளை மீறலாம் என்றார்களாம்.

எல்லோரும் ஹில்லெலின் படிப்பார்வத்தைப் புகழ்வார்கள். சரிதான். எனக்குப் பிடித்தது, அண்ணாந்து பார்த்தார்களே, அதுதான். வெளிச்சம் குறைந்ததும் ஏன் என்று கேட்டார்களே!

ஃபெலோவின் வேலையும் இதுதான். ஹில்லெல் கட்டடத்துக்குத் தானாக வரும் மாணவன் எப்படியும் வருவான். வராதவனை யார் தேடுவது? 1994இல் தொடங்கிய ஸ்டைன்ஹார்ட் சேவைப்படை இதற்காகவே புதுப் பட்டதாரிகளை ஒரு வருடத்துக்கு அனுப்பியது. பின்னால் வந்த ஸ்பிரிங்போர்ட் ஃபெலோஷிப் இரண்டு வருடம். தேடுவது எப்படி என்றால், பெரும்பாலும் காப்பி வாங்கிக் கொடுத்துத்தான். உண்மையாகவே சொல்கிறேன்!

ஆகஸ்ட் கடைசியில் புது மாணவர் சேர்க்கையின்போது மேசை போட்டு நிற்பார்கள். பையன் வருவான், இலவசப் பேனாவை எடுப்பான், நகர்ந்துவிடுவான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "எங்கப்பா யூதர், அம்மா இல்லை. நான் சேர்த்தியா?" என்பான். யூத மரபுச் சட்டம் தாய்வழியைத்தான் பார்க்கிறது. சீர்திருத்தப் பிரிவு தந்தைவழியையும் ஏற்கிறது. இதையெல்லாம் அங்கே நின்று விளக்க ஆரம்பித்தால் தொலைந்தது. பழகிய ஃபெலோ ஒரே கேள்விதான் கேட்பார்: "வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட வர்றியா?" விடுதிச் சாப்பாட்டில் வாடிய எந்தப் பிள்ளை மறுக்கும்? மெழுகுவத்தி, பின்னிய சாலா ரொட்டி, சூடான சூப். பிரார்த்தனை தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் புத்தகத்தை நகர்த்துவார். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு வளாகங்கள் கொதித்ததைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். யூத மாணவர்களுக்குள்ளேயே பிளவு. காஸாவுக்காகப் போராட்டக் கூடாரத்தில் உட்கார்ந்தவர்களும் உண்டு, அந்தக் கூடாரத்தைக் கடந்துபோகவே பயந்தவர்களும் உண்டு. இவர்களுக்கு நடுவே நிற்க வேண்டியவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான். அது தனி உரைக்கான விஷயம். அப்புறம், புதிதாகச் சேரும் ஃபெலோக்கள் முதலில் தேர்வு அட்டவணையை வாங்கி, புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும் நோன்புநாளான யோம் கிப்பூரும் எந்தத் தேர்வோடு மோதுகின்றன என்று பாருங்கள். பேராசிரியர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வணக்கம்.