ஒரே கதையை எத்தனை பேரிடம் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று கூடவே போகிற வேலை என்னுடையது. அந்த வேலையில் எனக்குப் பொறுக்கவே முடியாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ராத்திரி ஒரு பெண் அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டு ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு, போடுகிறார். பக்கத்திலேயே இருக்கிற புறக்காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். பெண் டாக்டர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. வந்தால் அவரிடமும். அப்புறம் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையமான ஒன் ஸ்டாப் சென்டரின் ஆலோசகர், மாஜிஸ்திரேட், இழப்பீட்டு மனுவுக்காகச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அவரவர் வேலையைத்தான் அவரவர் செய்கிறார்கள், தனியாக ஒருவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், உடம்பு வலியோடு, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவளுக்கு ஓரிடத்தில் நேரம் மாறும், ஓரிடத்தில் ஒரு விவரம் விட்டுப்போகும். வழக்கு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எல்லாத் தாள்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு, "டாக்டரிடம் எட்டு மணி என்றாய், போலீசிடம் ஒன்பது என்றாய், எதுதான் உண்மை?" என்று கேட்பார்.

சட்டத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நிறைய நல்லது அதில் இருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போடலாம், எல்லை பார்க்க வேண்டியதில்லை. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி, பாதிக்கப்பட்டவள் வீட்டிலோ அவள் சொல்கிற இடத்திலோ வந்துதான் வாங்க வேண்டும். அரசு, தனியார் எதுவானாலும் மருத்துவமனை உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் ஓராண்டு வரை சிறை. அப்படியிருந்தும் "ஸ்டேஷன்ல மெமோ வாங்கிட்டு வாங்க" என்று, அதாவது போலீஸ் கடிதம் கேட்டு, திருப்பி அனுப்புகிற மருத்துவமனைகளை இன்னும் பார்க்கிறேன். மெமோ இல்லாமலே பார்க்கலாம் என்று மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தைத்தான் ஒரு துண்டுச் சீட்டுக்காக அலையவிட்டு வீணாக்குகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். அவள் போட்டிருந்த துணி சாட்சியம், அதை வாங்கிக்கொள்வார்கள். நிழலில் காயவைத்துக் காகித உறையில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். சீல் வைத்துக் கையெழுத்து வாங்கிப் போலீசிடம் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் படிவம் உண்டு. சரி, துணியைக் கழற்றிக் கொடுத்தவள் எதை உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவாள்? பல ஊர்களில் இதற்குப் பொறுப்பானவர் யாரும் இல்லை. நர்ஸம்மா யாராவது மனமிரங்கி ஒரு நைட்டி கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

18 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவாளரை நியமிக்கலாம். மருத்துவமனையிலிருந்து தீர்ப்பு வரைக்கும் அவர் கூட இருப்பார், அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டாருக்குச் சொல்வார், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உடனடி உதவித்தொகை கேட்டு வாங்கித் தருவார். 19 வயதுப் பெண்ணுக்கு? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அப்படி ஒருவரைக் கட்டாயமாகத் தருவதில்லை. ஒன் ஸ்டாப் சென்டர் திட்டம் 2015-லிருந்து இருக்கிறது, சிகிச்சை, போலீஸ் உதவி, சட்ட உதவி, ஆலோசனை, தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்றுதான் அது வந்தது. ஆனால் கட்டடம் ஒன்றாக இருந்து ஆட்கள் ஒருவரோடொருவர் பேசாவிட்டால் அலைச்சல் அப்படியேதான் இருக்கும். நான் கேட்பது, வயது எதுவானாலும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரே ஓர் ஆள். டாக்டரும் எஸ்.ஐ.யும் வக்கீலும் அவரிடம் பேசட்டும். விவரமாக ஒரு தடவை பேசவைத்துவிட்டு, அவள் சம்மதித்த அளவு விவரத்தை மட்டும் அவர் மற்றவர்களுக்குக் கொண்டுசேர்க்கட்டும். போலீஸ் வாக்குமூலமும் மாஜிஸ்திரேட் வாக்குமூலமும் எப்படியும் தேவைதான், மற்ற கேள்விகளையாவது குறைக்கலாமே.

சம்மதம் என்று சொன்னது காரணத்தோடுதான். சேர்ந்து வேலை செய்கிறோம் என்று வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதில் பெண்ணின் பெயர், ஊர், ஏ.ஆர். காப்பியின் போட்டோ எல்லாம் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது எந்தக் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது, அவளை அடையாளம் காட்டும் விவரத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அதேபோல அவள் போலீஸ் வேண்டாம் என்றால் அதை எழுதி வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடருங்கள், கேஸ் கொடுத்தால்தான் மருந்து என்று மிரட்டாதீர்கள்.

மாதம் ஒருமுறை இந்த அலுவலகங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து, எந்த வழக்கு எங்கே நிற்கிறது, எந்த ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, யாருக்கு இழப்பீடு போய்ச்சேரவில்லை என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். இதைச் செய்யப் புதுச் சட்டமோ பெரிய பணமோ தேவையில்லை, கலெக்டர் ஒரு தேதி குறித்தால் போதும்.

கேட்டுக்கொண்டிருக்கிற யாருக்காவது இப்போதே உதவி தேவைப்பட்டால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரம் என்றால் 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பேச முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைப் பேசச் சொல்லுங்கள், அதுவும் செல்லும். நன்றி.