பிறவித் திறமையா? பெரியவர்களின் கைவண்ணமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குழந்தை நடிகரின் வெற்றிக்குக் காரணம் பிறவித் திறமையா, பெரியவர்களின் கைவண்ணமா? பெரியவர்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஹாலிவுட்டின் குழந்தை நடிகர் ஜாக்கி கூகனை எடுத்துக்காட்டிய எதிரணித் தோழி, 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்றார். தெரியும்தான். யார் கண்ணுக்குத் தெரிந்தது? அதைச் சொல்லாமலே அமர்ந்துவிட்டாரே!

1914-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், மேடைக் கலைஞர்களின் மகனாகப் பிறந்தவன் ஜாக்கி. 1919-இல் தந்தையின் நிகழ்ச்சியில் அவன் சற்று நேரம் ஆடியதை அரங்கமே பார்த்தது. அவனை வைத்துப் படம் எடுக்கலாம் என்று நினைத்தவர் சார்லி சாப்ளின். லண்டன் வறுமையில் வளர்ந்து, ஏழு வயதில் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டவர் அவர். அதே 1919-இல்தான், பிறந்த மூன்றே நாளில் தம் முதல் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். அந்த வலியோடு பார்த்த கண்ணுக்குத்தான் அந்தச் சிறுவன் தெரிந்தான். 1921-இல் 'தி கிட்' வெளிவந்தபோது ஆறு வயது ஜாக்கி உலகப் புகழ் பெற்றான்.

அந்தப் படத்தில், வளர்த்தவரிடமிருந்து தன்னைப் பிரித்து இழுத்துச் செல்லும்போது அவன் கதறுவான். அந்த அழுகை எப்படி வந்தது? குறும்பும் சிரிப்புமாக இருந்த பிள்ளையிடம், 'அழாவிட்டால் உண்மையாகவே உன்னை ஏழைகள் விடுதிக்கு அனுப்பிவிடுவோம்' என்று தந்தை மிரட்டியதாகச் சாப்ளினே எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. நாம் மெச்சும் அந்த நடிப்பு, பெற்றவரே கைவிட்டுவிடுவாரோ என்று நடுங்கிய குழந்தையின் அச்சம்! இதையுமா பிறவித் திறமையின் கணக்கில் எழுதுவீர்கள்?

கைவண்ணம் என்றால் நன்மை மட்டுமே என்று நான் வாதாடவில்லை, நடுவர் அவர்களே. சிறுவயதில் ஜாக்கி ஈட்டியது முப்பது, நாற்பது லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். வளர்ந்தபின் கேட்டபோது தாயும் மாற்றாந்தந்தையும் தர மறுத்தார்கள். பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே என்பது அன்றைய கலிஃபோர்னியச் சட்டம். 1938-இல் வழக்குத் தொடுத்தார். கடைசியில் கைக்கு வந்தது ஏறத்தாழ 1,26,000 டாலர்தான். அந்த அநீதிக்குப் பிறகே, குழந்தை நடிகரின் ஊதியத்தில் ஒரு பகுதியை அந்தக் குழந்தைக்கென ஒதுக்கிவைக்க வழிசெய்யும் சட்டம் 1939-இல் அங்கே வந்தது. அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. அந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்த வந்தது என்று எதிரணியினர் எழுந்து சொல்லட்டும்.