கடைசி பெஞ்சுக்காரர்களின் சங்கீதம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், வெயில் தாழ்ந்ததும் பந்தலுக்குள் வந்து இடம்பிடித்திருக்கிற சபையாருக்கும், பின்பக்கம் அசன விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கிறவர்களுக்கும் வணக்கம்.

வெங்காயம் உரிக்கிறவர்களைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வளாகத்தில் இந்த நிமிஷம் கண்ணீர் விடுகிறவர்கள் அவர்கள்தான். எங்கள் அணிக்கு ஆள் வேண்டுமே!

தலைப்பு என்ன? அன்றாட விசுவாச வாழ்க்கைக்கு வேதப் புத்தகத்தில் உள்ள சங்கீதங்கள் பெரிதும் கைகொடுப்பது துதியாலா, புலம்பலாலா? நன்றி சொல்லக் கூடுகிற ஸ்தோத்திரப் பண்டிகையில் வைத்து என்னைப் புலம்பலுக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்கச் சொன்ன மாதிரி. சரி, வைக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அக்கா எபிரெய மொழிக்கே போய்விட்டார்கள். இந்தப் புத்தகத்தின் எபிரெயப் பெயர் ‘தெஹில்லிம்’, அதாவது துதிகள். அட்டையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்றார்கள். அக்கா, அட்டையைத் தாண்டி உள்ளே வாருங்கள். 150 சங்கீதங்களில் ‘துதி’ என்ற அந்தச் சொல்லையே தலைப்பாகத் தாங்கியிருப்பது ஒன்றே ஒன்று, 145ஆம் சங்கீதம். ‘விண்ணப்பம்’ என்று தலைப்பிட்டவை ஐந்து. 72ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். “ஈசாயின் குமாரனாகிய தாவீதின் விண்ணப்பங்கள் முடிந்தது.” துதிகள் முடிந்தது என்று எழுதவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். கடைசி ஐந்து சங்கீதங்களும் அல்லேலூயாவில் தொடங்கி அல்லேலூயாவில் முடிகின்றன என்று அக்கா சொன்னபோது பந்தல் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன், உண்மைதானே. ஆனால் இந்தப் புத்தகத்தில் ‘அல்லேலூயா’ என்ற வார்த்தை முதன்முதலில் எங்கே வருகிறது தெரியுமா? 104ஆம் சங்கீதத்தின் கடைசியில். அதுவரைக்கும் 103 சங்கீதம் அந்த வார்த்தை இல்லாமலே ஓடுகிறது. தாவீதின் பெயரைத் தலைப்பில் தாங்கி வருகிற முதல் சங்கீதம் மூன்றாவது. அதன் தலைப்பு என்ன? அப்சலோமுக்குத் தப்பி ஓடிப்போகையில் பாடினது. பெற்ற பிள்ளைக்குப் பயந்து ஓடுகிற ஒரு தகப்பனுடைய ஜெபம். வீட்டுக்கு வீடு நடக்கிற கதை, ஐயா!

சங்கீதங்களை வகை பிரித்துப் படித்தவர் ஹெர்மன் குங்கெல் என்ற ஜெர்மானிய அறிஞர். அப்படிப் பிரிக்கும்போது இருப்பதிலேயே பெரிய கூட்டம் புலம்பல்தான், மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆனால் வருஷப் பிறப்பு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் என்று நாம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் அந்தக் கூட்டத்தின் புலம்பலில் ஒரு வரியாவது வந்திருக்கிறதா? இராத்திரி பன்னிரண்டரை மணிக்கு வரிசையில் நின்று அட்டையை எடுக்கிறோம். “என் கண்ணீரால் என் கட்டிலை நனைக்கிறேன்” என்று வந்தால் என்ன செய்வோம்? மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை உருவுவோம். அச்சடிக்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால் ஆறுதலும் பாதுகாப்பும் சொல்கிற 23, 91, 121 என்று சுற்றிச் சுற்றி வருகிறது.

91ஐக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பைக்கிலும் அந்த ஸ்டிக்கர் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திப் பிசாசு இயேசுவிடம் வசனம் சொன்னானே, எந்தச் சங்கீதத்தில் இருந்து? இதே 91இல் இருந்துதான். “உன் பாதம் கல்லில் இடறாது, குதி” என்றான். 88ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு அவன் வரவில்லை. அழுகிறவனுடைய சங்கீதம் அவனுக்கு உதவாது.

நடுவர் ஐயா, நம் ஆராதனைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறது. யார் எழுந்து வருகிறார்கள்? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர், மகளுக்கு வரன் அமைந்தவர், பையனுக்கு விசா வந்தவர். வரட்டும், சந்தோஷம். ஆபரேஷன் முடிந்தும் ஆள் வீட்டுக்கு வரவில்லையே, அந்த வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்? நாலாவது தடவையும் பரீட்சையில் தோற்ற பிள்ளை எங்கே? அடகு வைத்த நகை மூழ்கிப்போனதை வீட்டில் சொல்லாமல் கவரிங் வளையல் போட்டுக்கொண்டு வந்த தங்கச்சி எங்கே? கடைசி பெஞ்சில், ஃபேனுக்கு அடியில். வாசலில் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், “கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்” என்று சொல்லிவிட்டு வேகமாகச் செருப்பைத் தேடுகிறவர்கள் அவர்கள். நம் கூட்டத்தில் அவர்களுக்கு மைக் கிடைப்பதில்லை. சங்கீதப் புத்தகத்தில் கிடைத்திருக்கிறது.

அதுவும் எப்படி? 13, 22, 44, 88, இந்த நாலுமே கடவுளைப் பார்த்து ஏன், எதுவரைக்கும் என்று கேட்கிற சங்கீதங்கள். நாலின் தலைப்பிலும் ‘இராகத்தலைவனுக்கு’ என்று இருக்கிறது. தனியறையில் அழுதுவிட்டுக் கிழித்துப்போட்ட காகிதம் இல்லை, ஐயா. பாடகர் குழுவிடம் கொடுத்து, இராகம் போட்டு, சபையாகக் கூடிப் பாட வைத்திருக்கிறார்கள். நம் ஊர் பாடகர் குழுவிடம் இப்படி ஒன்றைக் கொடுத்தால், “பண்டிகைக்கு வேற பாட்டு இல்லையா சார்?” என்பார்கள்.

இப்போது எதிரணித் தம்பியிடம் வருகிறேன். நன்றாகப் பேசினார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் முறுமுறுத்துத் தண்டனை வாங்கினார்களே, புலம்பலும் முறுமுறுப்பும் ஒன்றுதானே என்று மடக்கினார். தம்பி, முறுமுறுத்தவர்கள் எங்கே வைத்து முறுமுறுத்தார்கள்? சங்கீதம் 106 சொல்கிறது, “தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள்.” வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, கடவுளைப் பற்றி. புலம்புகிறவன் எங்கே நிற்கிறான்? 142ஆம் சங்கீதம், “அவருக்கு முன்பாக என் சஞ்சலத்தை ஊற்றுகிறேன்.” வித்தியாசம் தெரிகிறதா? மேனேஜரைப் பற்றி டீக்கடையில் பேசுவதற்கும், அவர் அறைக்குள் போய் “சார், இது நியாயமா?” என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம். கடைக்காரரின் மேல் நம்பிக்கை இருப்பவன்தான் வாங்கிய சாமானைத் திருப்பிக்கொண்டு போய்ச் சண்டை போடுவான். நம்பிக்கை போனவன் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவான், ஒரு வார்த்தை பேச மாட்டான்.

அப்புறம் இதில் ஒரு வேடிக்கை. முறுமுறுத்தவர்களுக்குத் தலைவன் யார்? கோராகு. மோசேக்கு விரோதமாக 250 பேரைச் சேர்த்துக்கொண்டு எழும்பினவன், பூமி வாயைத் திறந்து விழுங்கினவன். ஆனால் வேதத்தில் எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன வசனம் இருக்கிறது: கோராகின் குமாரரோ சாகவில்லை. அந்த வம்சம் பிற்பாடு என்ன செய்தது? தேவாலயத்தில் பாடியது. 44, 88 இரண்டின் தலைப்பிலும் கோராகின் புத்திரர் என்ற பெயர் இருக்கிறது. முறுமுறுத்தவனுடைய பிள்ளைகள் முறையிடக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த 44இல் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். “ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?” கடவுளைப் பார்த்துத் தூங்குகிறீரா என்று கேட்கிறார்கள்! இதே புத்தகத்தில் 121 இருக்கிறது. “இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை.” இரண்டில் எது சரி? தொகுத்தவர்களுக்கு இது கண்ணில் படாமலா போயிருக்கும்? 121ஐ வைத்துக்கொண்டு 44ஐ நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. யாத்திரை போகிறவனுக்கு ஒன்று வேண்டும், தோற்றுத் திரும்புகிறவனுக்கு ஒன்று வேண்டும் என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். தமிழ் மண்ணுக்கும் இது புதிதில்லை. கண்பார்வை இழந்து திருவாரூருக்கு வந்த சுந்தரர், பெருமானைப் பார்த்து ‘வாழ்ந்து போதீரே’ என்று ஏசினார் அல்லவா? ஏசினவரைத் தம்பிரான் தோழர் என்றுதான் இன்றும் சொல்கிறோம்.

என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், நேரம் கொடுங்கள் ஐயா.

ஆச்சிக்கு மூத்த பிள்ளை, என் பெரிய மாமா, 24 வயதில் கிணற்றில் மோட்டார் இறக்கும்போது தவறி விழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் கோயில் பெண்கள் வந்து பாட்டுப் பாடி, “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு அதைச் சொன்னது யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தில். மூன்றாம் அதிகாரத்தில் அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், அதை யாரும் துக்க வீட்டில் வாசிப்பதில்லை. ஆச்சி ஒப்பாரி சொல்லி அழத் தொடங்கியபோதும், “நம்பிக்கையில்லாதவங்க மாதிரி அழக் கூடாது” என்று தடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு நின்றது அழுகை மட்டும் இல்லை, கோயிலுக்குப் போவதும் நின்றது. அம்மா சொல்வாள், ஏழு மாசம் வேதப் புத்தகத்தைத் தொடவில்லையாம்.

அப்போது எங்கள் ஊர் உபதேசியார் ஒருவர் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருவார். ஒருநாள் 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்தார். “ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர், ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?” கடைசி வசனம், “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்.” அதோடு முடிந்துவிடும் அந்தச் சங்கீதம். பெரும்பாலான புலம்பல்களில் கடைசியில் ஒரு திருப்பம் வரும், ஒரு நம்பிக்கை வரும். இதில் அதுவும் கிடையாது. வாசித்தவர் ஜெபம்கூடப் பண்ணாமல் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருக்கிறார். உள்ளே இருந்து ஆச்சி கேட்டாளாம், “ஏ உபதேசியாரே, இதெல்லாம் வேதத்துலயா இருக்கு?”

“இருக்கு தாயி.”

“நாளைக்கும் வந்து வாசியும்.”

ஆச்சிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். ஆனாலும் 88ஆம் சங்கீதத்தின் 18 வசனமும் மனப்பாடம். கோயிலுக்குத் திரும்பப் போனாள், பிறகு 30 வருஷத்துக்கு மேல் போனாள். அல்லேலூயாவும் பாடினாள். எதிரணி அதைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் அவளைத் திரும்பக் கோயிலுக்குக் கூட்டிவந்தது துதியே நிரம்பிய 150ஆம் சங்கீதம் இல்லை, 88. அதிலும் முதல் வசனத்தைக் கவனியுங்கள்: “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்.” பதில் வராத வீட்டின் கதவை இரவும் பகலும் தட்டுகிறவனைவிட விசுவாசி யார், ஐயா?

புலம்பல்களே கடைசியில் துதியாகத்தானே முடிகின்றன, அப்படியானால் ஜெயித்தது துதிதானே என்று அக்கா கேட்டார்கள். 13ஆம் சங்கீதத்தில் மொத்தம் ஆறு வசனம். ஐந்தாவதில்தான் நம்பிக்கை வருகிறது. முதல் நாலைத் தாண்டாமல் ஐந்துக்கு எப்படி வருவீர்கள்? நாம் முதல் நாலையும் மடித்து வைத்துவிட்டு ஐந்தாவதை மட்டும் காலண்டரில் அடிக்கிறோம். உங்களுக்கு மிகவும் பிடித்த 23க்கே வருகிறேன். புல்லுள்ள இடங்களில் மேய்க்கும்போது எப்படிப் பேசுகிறான்? “அவர் என்னை மேய்த்து, அவர் என்னை நடத்துகிறார்.” அவர், அவர். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும்? “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.” ‘அவர்’ அங்கேதான் ‘நீர்’ ஆகிறார். புல்வெளியில் கடவுளைப் பற்றிப் பேசினவன் பள்ளத்தாக்கில் கடவுளோடு பேசுகிறான்.

கி.பி. 430இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்தை வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படைகள் முற்றுகையிட்டிருந்த நேரம். உள்ளே அகுஸ்தீன் மரணப்படுக்கையில் கிடக்கிறார். அவ்வளவு பெரிய வேதசாஸ்திரி தம் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் என்ன ஒட்டி வைக்கச் சொன்னார்? பாவத்துக்காக மனம் வருந்துகிற தாவீதின் மனஸ்தாபச் சங்கீதங்களை. படுத்தபடியே வாசித்து வாசித்து அழுதார் என்று, அவரோடு இருந்த பொசிதியுஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அகுஸ்தீனை விடுங்கள், ஆண்டவரிடமே போவோம். கடைசி இராப்போஜனம் முடிந்து ஸ்தோத்திரப் பாட்டுப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார்கள். பஸ்கா இரவில் பாடுகிற வழக்கப்படி அது 113 தொடங்கி வருகிற துதிச் சங்கீதங்களாகத்தான் இருந்திருக்கும். எதிரணிக்கு இது நல்ல பாயிண்ட், தம்பி விட்டுவிட்டார், நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டு முடிந்து தோட்டத்துக்குள் போனதும், “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்றார். மறுநாள் சிலுவையில் மூச்சு வாங்கிக்கொண்டு சங்கீதத்தில் இருந்து இரண்டு வரி சொன்னார். ஒன்று 22இல் இருந்து, “ஏன் என்னைக் கைவிட்டீர்?” இன்னொன்று 31இல் இருந்து, “உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்.” இரண்டுமே எங்கள் அணிச் சங்கீதங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் ஐயா. ஸ்தோத்திரப் பண்டிகை, பக்கத்தில் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலத்துக்குக் காத்திருக்கின்றன, துதிக்குத்தான் தீர்ப்பு வரும் என்று சபையில் பாதிப் பேர் இப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். வரட்டும். அப்படி வந்தால் அடுத்த நிமிஷம் என்ன பாட வேண்டும் என்று எதிரணி புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. 13ஆம் சங்கீதம், முதல் வசனம்: “கர்த்தாவே, எதுவரைக்கும்?” நன்றி, வணக்கம்.