முப்பது பேர் வர்ற சபைக்குப் போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, அமெரிக்காவுக்குக் குடிபோன ஒரு சகோதரி அனுப்பினது. "அண்ணா, நாங்க சிஎஸ்ஐ, அதான் தென்னிந்தியத் திருச்சபை. வீட்டுப் பக்கத்துல ஒரு எபிஸ்கோப்பல் சர்ச் இருக்கு. முப்பது பேர்தான் வர்றாங்க, ஆளுக்கொரு நாடு. அங்கே திருவிருந்து எடுக்கலாமா? இல்ல, தூரமா இருந்தாலும் தமிழ்ச் சபைக்கே போகணுமா?" இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

தாராளமா எடுக்கலாம்மா. ஞானஸ்நானம் பெற்றவங்களுக்கு அங்கே பந்தி உண்டு. சிஎஸ்ஐயும் எபிஸ்கோப்பல் சபையும் ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்துல, அதாவது இங்கிலாந்து திருச்சபையோட உறவுல இருக்கிற உலகளாவிய சபைக் குடும்பத்துல, இருக்கிற சபைகள்தான். அதுக்கு மேல இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

ஆனா ஆளுக்கொரு நாடுன்னு சொன்னீங்களே, அவங்க எப்படி ஒண்ணா நிக்கிறாங்கன்னு நீங்க கேட்டிருக்கணும்! பழைய வீடியோ பார்த்தவங்களுக்கு நான் எங்கே வரப்போறேன்னு தெரியும். ஆராதனை முறையெல்லாம் இருக்கிற ஜெப புத்தகம்தான். 1979ல வந்த எபிஸ்கோப்பல் சபையோட ஜெப புத்தகத்தின் பின்பகுதியில, திருச்சபையின் ஊழியர்கள் யார்னு ஒரு கேள்வி இருக்கு. பதில்ல முதல்ல நிக்கிறது சாதாரண சபையார். அவங்களுக்கு அப்புறம்தான் பேராயர், குருவானவர், டீக்கன் எல்லாம். பெரிய சபையில இதை வாசிச்சுட்டுக் கடந்துடலாம். சின்ன சபையில முடியாது, வேலைக்கு வேற ஆளே கிடையாது.

நான் போன ஒரு சின்ன சபையில பழைய ஏற்பாடு வாசிச்சவர் ஹைட்டிக்காரர், டாக்ஸி ஓட்டுறவர். திருவிருந்துல திராட்சரசப் பாத்திரம் பிடிச்சது ஒரு நைஜீரியா அம்மா. ஆராதனை முடிஞ்சதும் பக்கத்து அறையில அவங்களே அதைக் கழுவுனாங்க. அது பரிசுத்தமான பாத்திரம்ங்கிறதால, கழுவின தண்ணியைச் சாக்கடைக்குப் போற தொட்டியில ஊத்தல. நேரா மண்ணுக்குள்ள இறங்குற தனித் தொட்டி ஒண்ணு இருக்கு, அதுல ஊத்துனாங்க. கொஞ்ச நேரத்துல அதே அம்மா கீழே ஹால்ல எல்லாருக்கும் காபி ஊத்திக்கிட்டே, கூரை ஒழுகுதே, கமிட்டி என்ன முடிவு பண்ணுச்சுன்னு ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவைப் பிடிச்சுக் கேக்குறாங்க!

இது சும்மா வந்த ஒற்றுமை இல்லங்க. பிலடெல்பியாவில அப்சலோம் ஜோன்ஸ்னு ஒருத்தர், அடிமையாப் பிறந்தவர். ஒரு மெத்தடிஸ்ட் ஆலயத்துல முழங்கால் போட்டு ஜெபிச்சுட்டிருந்தவரை, கறுப்பருக்கு இங்கே இடமில்லன்னு இழுத்து எழுப்புனாங்க. வெளியேறினவங்க 1794ல புனித தோமா ஆலயத்தைத் திறந்தாங்க. எபிஸ்கோப்பல் சபை அவங்களைச் சேர்த்துக்கிச்சு, ஆனா அந்தப் பகுதிச் சபைகள் கூடி முடிவெடுக்குற திருமண்டல மாநாட்டுல பல பத்தாண்டு இடம் கொடுக்கல. அது பெரிய பாவம். அதே சபைக்கு 2015ல மைக்கேல் கரி முதல் கறுப்பினத் தலைமைப் பேராயரா வந்தார். இந்த வரலாறு தெரிஞ்சதால, பீடத்துக்கு முன்னாடி அத்தனை பேரும் ஒரே வரிசையில முழங்கால் போடுறதைப் பார்த்தா எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதனால சகோதரி, கீர்த்தனை பாடணும்னு ஏக்கம் வரும்போது தமிழ்ச் சபைக்குப் போய்ட்டு வாங்க. மத்த ஞாயிறெல்லாம் பக்கத்துச் சபைக்கே போங்க. சீக்கிரமே யாராவது வந்து வேதபாடம் வாசிக்கிறீங்களான்னு கேப்பாங்க, மாட்டேன்னு சொல்லிடாதீங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க, பவனியில சிலுவை தூக்க ஆள் தேடிக்கிட்டிருப்பாங்க.