எழுதி வைத்த முடிவும் எழுத முடியாத வீழ்ச்சியும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மாலை நேரத்தில் வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அவையோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். "தொழில்முறை மல்யுத்த வீரரின் வாழ்க்கையில் விஞ்சி நிற்பது நடிப்பா, உழைப்பா?" என்ற இன்றைய தலைப்பில், உழைப்பே என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அந்த விளையாட்டில் யார் வெல்வார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்றார். இது பொழுதுபோக்கு, போட்டியல்ல என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மல்யுத்த நிறுவனத்தாரே 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட் முன்பு ஒப்புக்கொண்டதையும் எடுத்துக்காட்டி, ஆகவே ரிங்கில் நிற்பவர்கள் வீரர்கள் அல்லர், நடிகர்களே என்று முடித்தார். முதல் செய்தி உண்மை. இரண்டாவதும் உண்மை. ஆனால் அந்த ஒப்புதல் எதற்காக வந்தது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும், அது விதித்த உரிம நிபந்தனைகளிலிருந்தும், வரியிலிருந்தும் விடுபடுவதற்காக நிறுவனம் சொன்ன சொல் அது. வரிச்சுமையை இறக்கிவைக்க முதலாளி சொன்ன ஒரு வாக்கியத்தை அளவுகோலாக வைத்து, தொழிலாளியின் முதுகெலும்பு பட்ட பாட்டை அளக்க முடியுமா என்று நடுவர் அவர்களிடம் கேட்கிறேன்.

என் வயதுக்காரர்கள் இந்த வீரர்களை முதலில் அறிந்தது சீட்டுக்கட்டில்தான். பெட்டிக்கடையில் வாங்கிய அந்த அட்டைகளில் உயரம் இருக்கும், எடை இருக்கும், மார்பளவு இருக்கும், ரேங்க் இருக்கும். உடைந்த எலும்புகளின் கணக்கு மட்டும் எந்த அட்டையிலும் இருந்ததில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று இந்த அவையில் வைக்க விரும்புகிறேன். பலரைச் சொல்லிப் பெயர்ப்பட்டியல் வாசிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். மேன்கைண்ட் என்று நாம் அறிந்த மிக் ஃபோலி அவர் பெயர்.

1983-இல் கல்லூரி மாணவராக இருந்த ஃபோலி, சாலையில் போகும் வண்டிகளில் இடம் கேட்டு ஏறி, நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஜிம்மி ஸ்னூக்கா என்ற வீரர் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து பாய்ந்ததைப் பார்த்த நொடியில், தாமும் இதையே செய்வது என்று முடிவு செய்துகொண்டார். பிறகு நடந்தது சினிமாவில் வருவதுபோல் ஒரே பாட்டில் முடிந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் படித்துக்கொண்டே, வார இறுதிகளில் பென்சில்வேனியாவில் டொமினிக் டெனூச்சி நடத்திய பயிற்சிக் கூடத்துக்குப் பல மணி நேரம் கார் ஓட்டிச் சென்றார். தங்குவதற்குக் காசில்லாமல் அந்தக் காரிலேயே படுத்து உறங்கினார்.

அப்படிப் போய் அவர் முதலில் கற்றுக்கொண்டது எது தெரியுமா? அடிப்பது அல்ல, விழுவது. மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, பின்மண்டை தரையில் மோதாமல், முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் படும்படியாகவும், இரு கைகளும் அகல விரிந்து தரையை அறையும்படியாகவும் விழ வேண்டும். அப்போதுதான் அதிர்வு ஓரிடத்தில் குவியாமல் உடலெங்கும் பரவும். விழும் இடம் மெத்தை என்று எதிரணியினர் நினைத்துக்கொண்டிருக்கலாம். இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஒரு பஞ்சுப் படலம், அதை மூடிய கித்தான் துணி, அவ்வளவுதான். இந்தப் பலகையின் மீது ஓர் இரவில் பத்து இருபது முறை விழுந்து, எழுந்து, காரில் ஏறி அடுத்த ஊருக்குப் போய், மறுநாள் இரவு அங்கேயும் விழ வேண்டும். இதற்கு நடிப்பு என்று பெயர் வைத்தால், மூட்டை தூக்குபவருடைய வேலைக்கும் அதே பெயரை வைக்க வேண்டியிருக்கும்.

1994 மார்ச் மாதத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேடர் என்பவரோடு அவர் மோதினார். ரிங்கின் மேல் வடத்துக்கும் இரண்டாம் வடத்துக்கும் இடையே தலை சிக்கிக்கொண்டதுபோல் தொங்குவது அவர் பலமுறை செய்து பழகிய வித்தை. அந்த ரிங்கில் நாம் கயிறு என்று நினைப்பது உண்மையில் ரப்பர் சுற்றிய இரும்புக் கம்பிவடம். அன்று அந்த வடம் வழக்கத்தைவிட இறுக்கமாக முறுக்கப்பட்டிருந்தது. தலையை வெளியே இழுத்தபோது வலது காதின் பெரும்பகுதி பிய்ந்துபோனது. தரையில் கிடந்த அந்தத் துண்டை ஆட்ட நடுவர் குனிந்து எடுத்தார். ஃபோலி ரிங்குக்குத் திரும்பி வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். அந்தக் காதைத் திரும்பப் பொருத்த முடியவில்லை. எதிரணியினர் சொல்வதுபோல் எல்லாம் எழுதி வைக்கப்பட்டதுதான் என்றால், இதை எழுதியவர் யார்?

இங்கேதான் என் வாதத்தின் உயிர்நிலை இருக்கிறது, நடுவர் அவர்களே. முடிவை எழுதலாம். யார் கையை ஆட்ட நடுவர் உயர்த்திப் பிடிப்பார் என்பதை எழுதலாம். ஓர் உடல் தரையைத் தொடும் கணத்தை எந்தப் பேனாவாலும் எழுத முடியாது. பூமியின் ஈர்ப்பு விசை எந்த நிறுவனத்திலும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதில்லை.

1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஆட்டத்தை இந்த அவையில் பலர் பார்த்திருப்பீர்கள். ரிங்கை மூடி நின்ற பதினாறு அடி உயரக் கூண்டின் கூரையிலிருந்து அண்டர்டேக்கர் என்ற வீரர் அவரைத் தள்ளிவிட, கீழே இருந்த வர்ணனையாளர் மேசையை நொறுக்கிக்கொண்டு விழுந்தார் ஃபோலி. இது திட்டமிட்டது, மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டவர் அதிலிருந்து இறங்கி, மறுபடியும் அந்தக் கூண்டின் மேல் ஏறினார். அங்கே அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி அறைந்தபோது, தாங்கும் என்று நம்பியிருந்த கம்பிவலைத் தகடு பிடி விட்டுவிட்டது. கூரை வழியாக நேரே ரிங்கின் பலகையில் வந்து விழுந்தார். அவரோடு சேர்ந்து விழுந்த இரும்பு நாற்காலி முகத்தில் மோதியது. பல் உடைந்தது, தோள் மூட்டு விலகியது, சில கணங்கள் நினைவு தப்பியது. இந்தத் தகடு உடைந்தது எந்தத் திட்டத்திலும் இல்லை.

அதற்கடுத்த சில நிமிடங்களில் நடந்ததை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். மூத்த வீரரான டெரி ஃபங்க் ரிங்குக்குள் வந்து நின்று, அண்டர்டேக்கரிடம் தாம் அடிவாங்கிக்கொண்டார். எதற்கு? கீழே கிடக்கும் ஃபோலிக்கு மூச்சு திரும்ப இரண்டு நிமிடம் கிடைக்கட்டும் என்பதற்கு. அண்டர்டேக்கரோ பாத எலும்பில் முறிவோடு அந்தக் கூண்டின் மேல் ஏறியவர். இவர்கள் எல்லோரும் கூட்டுச் சேர்ந்து நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றார் எதிரணித் தலைவர். கூட்டுச் சேர்ந்துதான் இருக்கிறார்கள், ஐயா. கிணறு வெட்டும்போது மேலே கயிற்றைப் பிடித்திருப்பவனும் கீழே இறங்கியவனும் கூட்டுச் சேர்ந்திருப்பதுபோல. எதிராளியின் கழுத்து தம் கையில் இருக்கிறது என்பதும், அதை முறியாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும்தான் இந்தத் தொழிலில் முதல் மரியாதை. அந்த ஆட்டத்தில் ஃபோலி தோற்றார். தோற்பார் என்று தெரிந்தேதான் ஏறினார். கோப்பை இல்லை, பட்டம் இல்லை என்று தெரிந்தும் ஒருவர் அந்த உயரத்துக்கு ஏறுவதை நடிப்பு என்ற சொல்லுக்குள் என்னால் அடக்க முடியவில்லை.

முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன மதிப்பு என்றும் எதிரணியில் கேட்டார்கள். 1999 ஜனவரி 4 அன்று போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. அட்லாண்டாவிலிருந்து நேரலை நடத்திக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் மற்றொரு சானலில், சில நாள்களுக்கு முன்பே பதிவு செய்யப்பட்ட டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஃபோலி, தி ராக் என்ற வீரரை வென்று பட்டம் பெறப்போகிறார் என்ற செய்தியை, பார்வையாளர்களைத் தங்கள் பக்கமே இருத்திக்கொள்ளும் எண்ணத்தில், டபிள்யூ.சி.டபிள்யூ. வர்ணனையாளர் ஏளனத்தோடு போட்டு உடைத்தார். முடிவைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? லட்சக்கணக்கில் சானலை மாற்றிக்கொண்டு ஃபோலியைப் பார்க்கப் போனார்கள். நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில், பதினெட்டாம் நாள் துரியோதனன் வீழ்வான் என்பது தெரியாமலா ஊரே விடிய விடியக் கண்விழித்துப் படுகளத்துக்குக் கூடுகிறது? பதினைந்து ஆண்டுகள் அடிபட்ட ஒரு மனிதருக்கு உரியது வந்து சேருவதைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அன்று அவர்கள் போனார்கள். ஆண்டுகளைச் சற்றுக் கூட்டிச் சொல்லிவிட்டேன். அவர் களமிறங்கியது 1986-இல், ஆகவே பன்னிரண்டுக்கும் மேல் என்று திருத்திக்கொள்கிறேன். உழைப்பைப் பற்றிப் பேசும்போது கணக்கில் பிழை இருக்கக் கூடாது.

கடைசியாக ஒரே ஒரு காட்சி. அதே ஜனவரியில், 24-ஆம் தேதி, கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் ராக்கும் ஃபோலியும் மீண்டும் மோதினார்கள். இரும்பு நாற்காலி தலையை நோக்கி வரும்போது இரு கைகளையும் உயர்த்தி அதைத் தாங்கிக்கொள்வது இவர்களுக்குள்ள ஒரே காப்பு. அன்று ஆட்டத்தின் கதைப்படி ஃபோலியின் கைகள் முதுகுக்குப் பின்னால் விலங்கிடப்பட்டிருந்தன. மறைத்துக்கொள்ளக் கை இல்லாத அந்தத் தலையில் நாற்காலி பதினொரு முறை இறங்கியது. தலையில் நாற்காலியால் அடிப்பதை அந்த நிறுவனம் 2010-இல்தான் தடை செய்தது.

அரங்கத்தின் முன்வரிசையில் அவருடைய மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் அமர்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அலறி அழுதார்கள், மனைவியும் அழுதார். பிள்ளைகளுக்கு விவரம் தெரியாது என்று எதிரணியினர் சொல்லலாம். ஆனால் மனைவிக்குத் தெரியும். இது கதை என்பதும், எதிரே நிற்பவர் தம் கணவருக்குப் பகைவர் அல்லர் என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த அந்தப் பெண், அடிகள் விழ விழ, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரங்கத்தை விட்டு எழுந்து போனார். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர், அந்தப் பெண் அன்று எதைப் பார்த்து அழுதார் என்பதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.