முதல் முறை பென்சில் இல்லாமல்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் என்ன படிக்கலாம் என்று பேசக் கேட்டிருக்கிறார்கள். நான் பட்டியல் எதுவும் கொண்டுவரவில்லை. எதைப் படிக்கிறோம் என்பதைவிட எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இந்த வேலைக்கு வந்தபின் நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. நல்ல சிறுகதை ஒன்றை எடுத்தால், இரண்டாம் பக்கத்திலேயே "இந்தப் பத்தி தேர்வுக்கு ஆகும்" என்று மனசு சொல்லும். பென்சில் தானாகக் கைக்கு வரும். உவமை வந்தால் அடிக்கோடு, புதுச் சொல் வந்தால் ஓரத்தில் பொருள். கதை முடிவதற்குள் ஒரு மதிப்பெண் வினா நாலு தேறிவிடும். கதை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்!

அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் ரோசன்பிளாட் 1978இல் வெளிவந்த ஒரு நூலில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். குழந்தை விஷத்தைக் குடித்துவிட்டது, தாய் அந்தப் பாட்டிலின் லேபிளைப் படிக்கிறாள். அவளுக்கு வேண்டியது முறிவுக்கு என்ன கொடுப்பது என்ற ஒரே தகவல். அங்கே படித்து முடித்ததும் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. கவிதை படிக்கும்போது, படித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நமக்குள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். ஒரே பக்கத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்பார் அவர். நாம் கதைகளையும் பாட்டில் லேபிள் மாதிரிப் படிக்கப் பழகிவிட்டோம் என்பது என் குறை.

பாடத்துக்காகப் படிப்பதைக் குற்றம் சொல்லவில்லை. சம்பளமே அதற்குத்தானே! வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன். முதல் முறை பென்சில் இல்லாமல். பிடித்திருந்தால் இரண்டாம் முறை பென்சிலோடு. பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடலாம், விடுமுறையில் யாரும் கேட்கப்போவதில்லை.

இங்கே உ.வே.சாமிநாதையரைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. என்னோடு பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, பொறுத்துக்கொள்ளுங்கள். 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, வயது 25. ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? இவற்றை இவர் படித்ததில்லை. புத்தகத்தைக் கண்டதுகூட இல்லை.

அப்புறம் முதலியார் கொடுத்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படிக்கத் தொடங்குகிறார். கவனியுங்கள், அவருடைய வகுப்புக்கு அது தேவையே இல்லை. தொடங்கி வைத்தது ஆசைகூட இல்லை, ரோசம்தான். ஆனால் போகப் போக நூல் இழுத்துக்கொண்டது. அது சமணக் காப்பியம், அதிலுள்ள சமயச் செய்திகள் புரியவில்லை. ஊரிலேயே இருந்த சமணர்களைத் தேடிப் போய், அவர்களோடு உட்கார்ந்து கேட்டார். கல்லூரியில் பாடம் சொல்கிறவர், இன்னொரு வீட்டில் மாணவராகப் போய் உட்கார்ந்தார்! எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அன்று பாடத்திட்டத்துக்கு வெளியே படித்த நூல், இன்று நம் பாடப்புத்தகத்திலேயே வருகிறது.

சரி, வகுப்புக்கான வாசிப்புக்கு வருவோம். நான் சொல்வது ஒன்றுதான், பாடத்தை வாய்விட்டுப் படியுங்கள். விடுமுறையிலேயே, தனியாக, முழுசாக. கண் தாண்டிப் போகும் இடத்தில் நாக்கு மாட்டிக்கொள்ளும். உதாரணமாக, "என்றான்", "என்றாள்" இல்லாமல் நாலைந்து வரி உரையாடல் வரும். பார்த்துப் படிக்கிற நமக்கு யார் பேசுவது என்று தெரியும். வெறுமனே கேட்கிற கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. மூன்றாவது வரியில் தொலைந்து போனவர்கள் கதை முடியும்வரை திரும்பி வரமாட்டார்கள். கொஞ்சம் குரல் மாற்றினால் போதும், அல்லது பெயரை ஒருமுறை சேர்த்துச் சொல்லலாம். ஆனால் மாட்டும் இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே. பென்சிலுக்கு வேலை இங்கேதான், ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி.

அந்த இரண்டாம் வாசிப்பு உயிரோடு இருக்க வேண்டுமானால் முதல் வாசிப்பில் நாம் சிரித்திருக்க வேண்டும், அல்லது கோபப்பட்டிருக்க வேண்டும். நமக்குப் பிடித்ததா, கடனுக்கு வாசிக்கிறோமா என்பதைப் பிள்ளைகள் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். "டீச்சர், உங்களுக்கே இது பிடிக்கலதானே?" என்று கேட்கும் துணிச்சல்காரர்களும் உண்டு.

மாணவர்களின் விடுமுறை வாசிப்பைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும். கதைப்புத்தகம் கொடுத்தனுப்பினால், சுருக்கம் எழுதி வரச் சொல்லாதீர்கள். பள்ளி திறந்ததும், எந்த இடத்தில் மூடி வைத்தாய், ஏன் என்று கேளுங்கள். முடிக்காத பிள்ளைக்கும் அதற்குப் பதில் இருக்கும். நன்றி, வணக்கம்.