மண்டபம் நிறைந்தும் நட்டம்

வணக்கம் நேயர்களே. கலையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ராகம், தாளம், ஆட்டக்கோலம் என்று தொடங்குவார்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மட்டக்களப்புப் பக்கம் கூத்து, நாட்டிய நாடகம், இசை நாடகம் என்று எது மேடையேறினாலும், "அண்ணன், நீங்க காசுப் பொறுப்பை மட்டும் பாருங்க" என்று ஒரு கொப்பியை என் கையில் தந்துவிடுவார்கள். அதனால் இன்றைக்கு நான் பேசப்போவதும் காசைப் பற்றித்தான். ஆட்டமும் பாட்டும் உடுப்பும் விளக்குமாகப் பெரிய செலவில் மேடையேறும் நாடகங்களில் பணம் எந்த வழியால் வருகிறது, எந்த வழியால் போய்விடுகிறது என்பதைப் பற்றி.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் இப்போது பெரிதாக யோசிக்கிறார்கள். பின்னால் எல்ஈடி திரை, கொழும்பிலிருந்து லைற், பாடகருக்கு ஆளுக்கொரு மைக் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆசை நல்லதுதான், நான் தடுக்கவில்லை. "மண்டபம் நிறைந்தால் காசு வந்துவிடும் அண்ணன்" என்கிறார்களே, அந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மண்டபம் நிறைந்தும் நட்டம் வரும். இதைத்தான் இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் நியூயோர்க்கில் நடந்தது. ஸ்பைடர்மேன் கதையை நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைப் புரோட்வேயில், அந்த நகரத்தின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற இடத்தில், இசை நாடகமாக்கினார்கள். ஜூலி டேமோர் என்ற பேர்போன நெறியாளர். பாட்டுக்கு யூ2 குழுவின் போனோவும் த எட்ஜும். ஒன்றிலும் குறையில்லை. ஆனால் தொடக்கமே சரியில்லை. 2005இல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கக் கூடியிருந்த இடத்திலேயே தயாரிப்பாளர் டோனி அடம்ஸ் பக்கவாதத்தில் விழுந்து, இரண்டொரு நாளில் காலமானார். கூட்டாளி பொறுப்பை ஏற்றார். 2009இல் கையில் காசு தீர்ந்து வேலை நின்றுபோனது. பிறகு இன்னொருவர் வந்து புதிதாகப் பணம் திரட்டினார். ஆட்கள் சபைக்கு மேலே கயிற்றில் பறக்க வேண்டும், அதற்கு இயந்திரம், அதற்குக் கட்டடத்தையே மாற்றவேண்டும் என்று செலவு ஏறி ஏறி 7 கோடி 50 இலட்சம் டொலரில் போய் நின்றது. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 2,250 கோடி ரூபா. ஒரேயொரு நாடகத்துக்கு!

புரோட்வேயில் முறையான தொடக்க நாளுக்கு முன் சில வாரம் முன்னோட்டக் காட்சிகள் நடக்கும். சனம் ரிக்கற் வாங்கித்தான் பார்க்கும், ஆனால் பிழை திருத்துகிற காலம் அது. இந்த நாடகத்துக்கு முன்னோட்டம் 2010 நவம்பர் 28இல் தொடங்கியது. நடுக்காட்சியில் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்ற கதையெல்லாம் உண்டு. டிசம்பரில் ஒரு நடிகர் உயரத்திலிருந்து விழுந்து எலும்புகள் முறிந்தன. மார்ச்சில் நெறியாளரை விலக்கினார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு மேல் மூடி, கதையைத் திருத்தி எழுதி, 2011 ஜூன் 14இல் ஒருவழியாகத் தொடங்கினார்கள். அதற்குள் 182 முன்னோட்டக் காட்சிகள் போய்விட்டன.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். இந்த நாடகத்துக்குச் சனம் வரவில்லையா? வந்தது! இவ்வளவு கூத்தும் பத்திரிகையில் வந்தால் வராமல் இருக்குமா? 2012 புத்தாண்டு வாரத்தில் மட்டும் 29 இலட்சம் டொலருக்கு மேல் வசூல். புரோட்வே அதுவரை காணாத வாரம். மூன்று வருடம் ஓடியது, ஆயிரத்துக்கு மேற்பட்ட காட்சிகள். 2014 ஜனவரியில் மூடும்போது நட்டம் 6 கோடி டொலர் வரை என்று பத்திரிகைகள் எழுதின.

எப்படி? விளக்கம் சுலபம். மேடையேற்றும் செலவு ஒன்று, ஓட்டும் செலவு இன்னொன்று. மேடையேற்ற ஒருமுறைதான் செலவு. ஓட்டுவதற்கோ ஒவ்வொரு வாரமும் நடிகர் சம்பளம், வாத்தியக்காரர், கயிறு இழுக்கிறவர், அரங்கு வாடகை, விளம்பரம் எல்லாம் கொடுக்க வேண்டும். அந்த நாடகத்தை ஓட்ட வாரம் 10 இலட்சம் டொலருக்கு மேல் போனது. சாதாரண வாரத்தில் வசூல் அதைவிடக் கொஞ்சந்தான் கூட. அந்தக் கொஞ்சத்தை வைத்து 7 கோடி 50 இலட்சத்தை எப்போது அடைப்பது?

ஓட்டோ வாங்கியவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். லீசிங் கட்டுப்பணம் ஒரு பக்கம், தினசரிப் பெற்றோல் மற்றப் பக்கம். நாள் முழுக்க ஹயர் ஓடினாலும் பெற்றோலுக்குப் போய் மிஞ்சுகிறதுதான் லீசிங்குக்கு. மிச்சம் சிறிதென்றால், ஓடிக்கொண்டே கடனாளியாகலாம்.

அதே புரோட்வேயில் ஓடிய இன்னொரு இசை நாடகம், த ஃபான்டம் ஒஃப் த ஒபெராவைப் பாருங்கள். 1988இல் தொடங்கி 2023 ஏப்ரல் வரை 35 வருடம், 13,981 காட்சிகள். போட்ட பணத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள், இலாபம் மலைபோல. அதையே கடைசியில் ஓட்டும் செலவு வளைத்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு செலவு ஏறியது, உல்லாசப் பயணிகள் குறைந்தார்கள், சில வாரங்கள் கையைக் கடித்தன, மூடினார்கள். மண்டபம் நிறைந்தால் போதும் என்கிற தம்பிமார் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

"அது வெள்ளைக்காரன் கதை" என்பீர்கள். சரி, ஏ. ஆர். ரஹ்மானுக்கு வருவோம். அவர் இசையமைத்த பொம்பே ட்றீம்ஸ் 2002இல் லண்டனில் தொடங்கி இரண்டு வருடம் ஓடியது. அதை நம்பி நியூயோர்க்குக்கு 1 கோடி 40 இலட்சம் டொலர் செலவில் கொண்டுபோனார்கள். 2004 ஏப்ரலில் தொடங்கி, 2005 புத்தாண்டு தினத்தன்று மூடினார்கள். போட்ட பணம் திரும்பவில்லை. பிறகு லோர்ட் ஒஃப் த றிங்ஸ் கதைக்கும் மற்றவர்களோடு சேர்ந்து இசையமைத்தார். 2006இல் ரொறன்ரோவில் மேடையேறியது, கனடா டொலரில் 2 கோடி 80 இலட்சம் செலவு. ஏழு மாதம் தாங்கவில்லை. லண்டனில் அடுத்த வருடம் திரும்பப் போட்டார்கள், அங்கும் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஓடியது. பெரிய பெயர் வந்தால் முதல் மாத ரிக்கற் விற்கும். ஆறாவது மாத ரிக்கற்றை அது விற்றுத் தராது.

இப்போது நம்முடைய மண்டபத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு 600 கதிரை, ரிக்கற் 1,000 ரூபா. நிறைந்தால் 6 இலட்சம். லைற், சவுண்ட், திரை, உடுப்பு, மண்டப வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 9 இலட்சம் என்று வையுங்கள். ஒரு கதிரை மிச்சமில்லாமல் நிறைந்தாலும் 3 இலட்சம் நட்டம். அதுவும் நிறைந்தால்! முன்வரிசை இரண்டும் பிரதம அதிதி, விசேட அதிதிகள், கௌரவ அதிதிகள், அவர்களின் வீட்டுக்காரர், பிள்ளைகள். அவர்களுக்கு ரிக்கற் கேட்கவா முடியும்? பொன்னாடையும் நாமல்லவா வாங்கிக் கொடுக்கிறோம்.

சினிமா என்றால் ஒரே நேரத்தில் நூறு தியேட்டரில் போடலாம். மேடை அப்படியில்லை. கதிரை எத்தனையோ அத்தனைதான் வருமானம். புரோட்வேக்காரர் வாரம் எட்டுக் காட்சி, மாதக்கணக்காக ஆடி மேடையேற்றிய செலவைப் பிரித்துவிடுகிறார்கள். நாமோ அந்தச் செலவு முழுவதையும் ஒரேயொரு இரவின் தலையில் கட்டுகிறோம். அடுத்த நாள் உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். இந்த விசயத்தில் நம்முடைய ஆபத்து அவர்களுடையதைவிடக் கூட.

இதில் எனக்குக் கோபம் வருகிற ஒரு கதையும் உண்டு. இசையமைப்பாளர் அன்ட்ரூ லொய்ட் வெபர், கற்ஸ் என்ற இசை நாடகத்துக்காக வீட்டை இரண்டாம் முறை ஈடு வைத்தாராம். 1981இல் லண்டனில் மேடையேறி உலகமெல்லாம் ஓடியது. நடந்த கதைதான். ஊக்கப் பேச்சுகளில் அதை எடுத்துவிடுவார்கள். வென்றவருடைய கதை நமக்கு வந்து சேர்ந்தது. வீட்டை ஈடு வைத்துத் தோற்றவரைக் கூப்பிட்டு யார் பேச்சு வைக்கிறார்கள்? புரோட்வேயில் ஐந்து நாடகத்தில் ஒன்றுதான் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்பது அந்தத் தொழில் செய்கிறவர்களே சொல்கிற கணக்கு. அந்த ஒன்றை நம்பி மனைவியின் தாலிக்கொடியை அடகு வைக்க ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். மிச்சத்தை நான் இங்கே சொல்லவில்லை, அவர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்.

வெள்ளைக்காரனிடம் படிக்க வேண்டியது வேறொன்று. அங்கே ஒவ்வொரு நாடகத்துக்கும் தனியாக ஒரு கொம்பனி பதிவு செய்வார்கள். பணம் போடுகிறவருக்கு எல்லாம் போகலாம் என்று எழுத்திலேயே சொல்லிவிடுவார்கள். போனால் போட்ட பணம் போகும், அவருடைய வீடு போகாது. வாரச் செலவு போய் மிஞ்சுவதில் முதலில் முதலீட்டாளரின் பணத்தைத் திருப்புவார்கள், அதன்பிறகுதான் இலாபத்தைப் பங்கிடுவார்கள். நம்மிடம் இதெல்லாம் ஏது? கொமிற்றியில் பதினைந்து பேர் இருப்பார்கள். நட்டம் வந்தால் சவுண்ட்காரர் பொருளாளரின் கேற்றில் வந்துதான் நிற்பார். மற்றப் பதினாலு பேரும் போன் எடுக்க மாட்டார்கள்.

சரி, நம் கிராமத்துக் கூத்து இத்தனை காலம் எப்படி நின்றது? கன்னன்குடா, வந்தாறுமூலை, முனைக்காடு, மகிழடித்தீவு என்று எந்த ஊரில் பார்த்தாலும் கூத்தும் சின்ன வேலையில்லை. வடமோடிக் கூத்துக்குக் கரப்புடுப்பும் முடியும் செய்து பாருங்கள், செலவு தெரியும். ஆனால் அந்தச் செலவு ஒருவர் தலையில் விழாது. பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து, ஊரில் நெல்லும் காசும் இருக்கிற காலத்தில் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் வேடத்துக்கான பாட்டை எழுதிக் கொடுப்பார்கள். தன் உடுப்புச் செலவை ஆடுகிறவரின் குடும்பம் பார்க்கும். ஆடுகிற களரியைக் கட்ட ஊர் வரும். மாதக்கணக்காகக் கிழமைக்கூத்து என்ற ஒத்திகை நடக்கும், ஊரே வந்து பார்க்கும். தாளம் பிசகினால் பார்க்க வந்த கிழவனே ஏசுவார். இதுதான் முன்னோட்டக் காட்சி! நியூயோர்க்கில் வாரம் 10 இலட்சம் டொலர் கொட்டித் திருத்திய பிழைகளை இங்கே வெற்றிலைத் தட்டோடு முடித்தார்கள். பிறகு சதங்கை கட்டி, கடைசி ஒத்திகையான அடுக்குக்கூத்துப் பார்த்து, பிழையெல்லாம் தீர்ந்த பின்தான் அரங்கேற்றம். அதோடும் முடியாது. அரங்கேறிய கூத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் ஆடுவார்கள். ஒவ்வொரு வீட்டாரும் கொடுக்கிறது கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்குச் சேரும். ஒரே கூத்து, எத்தனையோ வாசல்.

நான் பழைய கூத்து மனேச்சர் ஒருவரின் கொப்பியைப் பார்த்திருக்கிறேன். காசு வரவை எழுதிய பக்கத்திலேயே யார் எத்தனை மரைக்கால் நெல், யார் எத்தனை கிடுகு என்றும் எழுதியிருந்தார். களவெட்டியில் நெல் ஏறும்வரை அரங்கேற்றத் திகதியைச் சொல்லவே மாட்டாராம். ஆட்கள் போய்க் கேட்டால், "பொறு மனே, மழையும் பார்க்கணும், மறுகா சொல்றன்" என்பாராம். இடர் முகாமைத்துவம் என்று வங்கியில் எங்களுக்கு இரண்டு நாள் செயலமர்வு வைத்தார்கள். அந்த மனிதரைக் கூப்பிட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடித்திருப்பார்.

கூத்துக்குச் செலவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. செலவைக் கொப்பியில் எழுதாமல் விட்டோம் என்பதுதான் உண்மை. இரவிரவாகத் தேத்தண்ணி ஊற்றிய, சோறு சமைத்த பெண்களின் கூலியை எந்த மனேச்சரும் எழுதவில்லை. இன்றைக்கு ஆடுகிற இளைஞன் மேசன் வேலைக்கோ கடைக்கோ போகிறவன். ஒரு இரவு விழித்தால் அடுத்த நாள் கூலி போகும். பௌமல், போவன் என்ற இரண்டு பொருளியலாளர் 1966இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து குறைந்த ஆட்களை வைத்து அதிகம் செய்யலாம், மேடையில் அது முடியாது. ஐந்து பேர் ஆடுகிற தருவை, அந்தக் கூத்துப் பாட்டை, மூன்று பேரை வைத்து ஆட முடியுமா? வெளியில் கூலி ஏற ஏற மேடையின் செலவும் ஏறும். இதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், ஆனால் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணிக்கூட்டைக் காட்டுகிறார்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டிய நாடகம் தயாரித்தால் ஒரு இரவோடு விடாதீர்கள். மட்டக்களப்பில் ஒன்று, கல்முனையில் ஒன்று, திருக்கோவிலில் ஒன்று என்று முதலே மூன்று இடம் பேசிவிட்டு உடுப்புத் தைக்கக் கொடுங்கள். மற்றது, நம் கையில் இல்லாத காரியங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன மின்வெட்டு, டீசல் வரிசை எல்லாம் பார்த்தோம். புரோட்வேயே 2020 மார்ச் 12இல் மூடி ஒன்றரை வருடம் இருட்டாகக் கிடந்தது. முற்பணம் கொடுக்கும்போதே, நிகழ்ச்சி பின்போனால் அந்தப் பணம் அடுத்த திகதிக்குச் செல்லுமா என்று எழுதி வாங்குங்கள். ரிக்கற்றுக்கு விழும் களியாட்ட வரியை, ரிக்கற் அச்சடிக்க முதலே உள்ளூராட்சிச் சபையில் கேளுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் யார் அடிப்பது என்பதையும் எழுத வேண்டும், அதில்தான் கடைசி நேரச் சண்டை வரும். நவம்பர், டிசம்பரில் திறந்தவெளிக்குத் திகதி வைக்காதீர்கள். ஸ்பொன்சர் தருவதாகச் சொன்ன பணத்தை, கையில் வரும்வரை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள்.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.